வெர்ன் போன பின்வாசல்

எங்கள் சங்கப் பத்திரிகையில் வெர்ன் டோலெஃப்சனுக்கு ஆறு வரி ஒதுக்கினார்கள். பிறந்த தேதி, துறைமுகத்தில் சேர்ந்த வருஷம், கிரேன் ஓட்டிய வருஷங்கள், மனைவி மார்லிஸ், மகள் கேரி முன்பே காலமானாள், மலர்வளையம் வேண்டாம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவனைக் கடைசி வருஷங்களில் அரித்துத் தின்றது அந்த ஆறு வரியில் இல்லை. அதை அறிந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி எழுதமாட்டாள். இன்னொருத்திக்கு எண்கள் மட்டும்தான் எழுத வரும். மிச்சம் நான்.

எனக்கும் அவனுக்கும் பழக்கம் மறியலில் ஆரம்பித்தது. டகோமா துறைமுகத்தில் அவன் வேலைக்கு வந்த நாலாவது வருஷம், தானியக் கிடங்குக்காரர்கள் எங்களை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். ஏழு மாதம். எண்ணெய்ப் பீப்பாயில் பலகைகளைப் போட்டு எரித்துக்கொண்டு முன்வாசலில் நின்றோம். கம்பெனி பின்வாசலை இடித்து அகலமாக்கி, கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டிய வேனில் கருங்காலிகளை உள்ளே கொண்டுபோனது. பதினோரு பேர். பெயர்களைக் கண்டுபிடித்து நான் துண்டறிக்கை எழுதினேன். ஏழாவது பெயர் ஆர்னே டோலெஃப்சன். வெர்னின் அண்ணன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் வெர்னிடம் கேட்டேன். "போடு" என்றான். துண்டறிக்கைக் கட்டில் பாதியை அவனே வாங்கிக்கொண்டு போய், ஞாயிற்றுக்கிழமை லூத்தரன் தேவாலயத்தின் வாசலில் நின்று, பெற்ற தாய் உட்பட எல்லார் கையிலும் ஒன்று கொடுத்தான். "பின்வாசலில் போனவனுக்கு முன்வாசலில் முகம் கிடையாது" என்பது தலைப்பு. நல்ல தலைப்பு என்று அப்போது நினைத்தேன்.

ஆர்னேவுக்கு மூன்று பிள்ளைகள், வங்கிக்காரன் வீட்டை எடுக்கப் போகிறான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. ஆர்னே செத்தபோது வெர்ன் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு போனான். உள்ளே போகவில்லை. வாகன நிறுத்தத்தில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். பெட்டியை வெளியே கொண்டுவந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

கிரேன் வேலை கழுத்தைத் தின்கிற வேலை. நூறடிக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு. இரண்டு காலுக்கும் நடுவே கீழே பார்த்தபடி கப்பலின் சரக்குப் பெட்டியைத் தூக்கி இறக்க வேண்டும். வெர்ன் தெருவில் நடக்கும்போதும் தரையைப் பார்த்துத்தான் நடப்பான். காசு எதையாவது தொலைத்துவிட்டானோ என்று தோன்றும்.

தொலைத்தது மகளை. கேரிக்குக் கார் விபத்தில் முதுகு போனது. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள், வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. இரண்டு முறை சிகிச்சை இல்லத்தில் சேர்த்தார்கள். அதற்காக வீட்டின் மேல் இரண்டாவது கடன் வாங்கினார்கள். இருபத்தொன்பது வயதில், நெடுஞ்சாலையோர பெட்ரோல் நிலையக் கழிப்பறையில் அவளைக் கண்டெடுத்தார்கள். மிஞ்சியது கடனும், பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்துப் பெயருக்கு ஒரு ஓய்வூதியம் உள்ள மார்லிஸும்.

வெர்ன் கிடைத்த ஷிஃப்டையெல்லாம் எடுத்தான். ஞாயிறு, நன்றி தெரிவிக்கும் நாள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், எல்லாம். நிறைய சம்பாதித்தான். தான் முதலில் போனால் மார்லிஸுக்கு ஏதாவது இருக்க வேண்டும் என்று 'ராத்' என்கிற ஓய்வுக் கணக்கில் போட நினைத்தான். வரி கட்டிய பணத்தைப் போட்டால், வயதான பிறகு வரியில்லாமல் எடுக்கலாம் என்பதுதான் அந்தக் கணக்கு. ஆனால் ஒரு அளவுக்கு மேல் சம்பாதிக்கிறவர்கள் அதில் நேராகப் போட முடியாது. வெர்னின் சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது.

வழி சொன்னவன் அவனோடு கிரேன் ஓட்டிய லான்ஸ் ஒக்காமோட்டோ. சாப்பாட்டு அறையில் நடந்ததை லான்ஸே என்னிடம் சொன்னான்.

"முன்கதவ உனக்குச் சாத்திட்டாங்க வெர்ன். ரொம்ப சம்பாதிக்கிற. பின்வாசலால போ."

வெர்ன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். "எந்த வாசல்?"

"பின்வாசல்யா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பழைய மாதிரி ஓய்வுக் கணக்குல போடு, அதுக்கு வருமான அளவு கிடையாது. வரிச்சலுகை கேக்காத. மறுநாளே அதத் தூக்கி ராத்துல போட்டுடு. அவ்வளவுதான். என் பல் டாக்டர் வருஷா வருஷம் போறான்."

"பல் டாக்டர் எங்க வேணா போவான்."

"சட்டப்படி சரிதான்டா."

"சட்டப்படி சரின்னுதான் கம்பெனிக்காரனும் சொன்னான். எங்கண்ணன வேன்ல ஏத்துறப்ப."

லான்ஸ் அதற்கு மேல் பேசவில்லை. பேசியிருந்தால், வரி தாக்கல் செய்யும்போது இன்னொரு தாள் சேர்த்து வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பான். அந்த ஒரு வாக்கியம் அந்த மேசையில் விழவில்லை.

ஆனாலும் வெர்ன் அந்த வழியில் போனான். தனக்கு ஏழாயிரம், மார்லிஸ் பெயரில் ஏழாயிரம். பழைய கணக்கில் போட்டு, மறுநாள் ராத்துக்கு மாற்றினான். நாலு வருஷம் இப்படிச் செய்தான். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் சொல்லாததில் ஆச்சரியம் இல்லை, துண்டறிக்கை எழுதியவன் நான். இருபத்திரண்டு வருஷமாக அவனுக்கு வரித் தாக்கல் செய்துகொடுத்த ஐவி பெட்ரிச்சிடமும் சொல்லவில்லை. ஜனவரியில் முதலீட்டுக் கம்பெனி அனுப்பும் உறைகளை, மீன்பிடிக்கக் கொண்டுபோகும் தூண்டில் பெட்டியின் அடித்தட்டில் போட்டு மூடினான். மற்ற தாள்களை மட்டும் ஐவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அந்த உறையில் இருக்கும் தாளின் நகல் வரித்துறைக்கும் போகும். ஒன்றரை வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. பதினாலாயிரம் டாலர் உங்கள் ஓய்வுக் கணக்குகளிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது, உங்கள் தாக்கலில் இல்லை, வரி மூவாயிரத்து முந்நூற்று அறுபது, வட்டி தனி. ஒத்துக்கொண்டால் இருவரும் கையெழுத்திடவும், மறுத்தால் காரணம் எழுதவும்.

வெர்ன் ஒத்துக்கொண்டான். மார்லிஸிடம் நீட்டினான், அவளும் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வருஷமும் கடிதம் வந்தது, அதையும் கட்டினான். பின்வாசலுக்கு அது சுங்கம் என்று நினைத்துக்கொண்டான். நாலு வருஷம், நாலு கடிதம். ஏற்கெனவே வரி கட்டிய பணத்துக்கு மறுபடி வரி. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

*

ஆகஸ்ட் கடைசியில் மார்லிஸ் என் வீட்டுக்கு அந்தப் பெட்டியோடு வந்தாள். வெர்ன் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. நுரையீரலில் புற்று. வாழ்நாளில் ஒரு சிகரெட் பிடிக்காதவன். அந்த ஊரில் டீசல் புகை எல்லாருக்கும் பொது.

"கஸ், இதுல மீன் இல்ல" என்று சொல்லிப் பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்தாள்.

"என்ன இருக்கு?"

"தெரிஞ்சா உங்கிட்ட ஏன் வரேன். டார்ச்சு தேடினேன், இது கெடச்சுது. எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு. நான் என்னத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்னு எனக்கே தெரியல."

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன். செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டான். அப்புறம், 'அந்தப் பணத்தத் தொடாத'ன்னான். அப்படி ஒரு பணம் இருக்குன்னே எனக்கு அப்பதான் தெரியும்."

அவளுக்குப் பணம் வேண்டியிருந்தது. வெர்னின் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அங்கேயே சாக வேண்டும் என்பது அவன் ஆசை. வேறு ஆசை எதுவும் அவன் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் மார்லிஸின் இடுப்பு தேய்ந்துபோனது. அவனைத் தூக்கப் போய் இரண்டு பேருமாக ஒருமுறை விழுந்தார்கள். எங்கள் காப்பீடு பராமரிப்பு இல்லத்தில் படுக்கைக்குக் கொடுக்கும், வீட்டுக்கு ஆள் அனுப்பக் கொடுக்காது. ராத்திரிக்கு ஒரு ஆள் வைத்தால் நாளொன்றுக்கு முந்நூற்று எண்பது டாலர். இல்லத்தில் படுக்கை செப்டம்பர் பன்னிரண்டுக்குத் தயாராக இருந்தது.

இரண்டு ராத் கணக்கிலும் சேர்த்து எழுபதாயிரத்துக்கு மேல் இருந்தது.

நான் பெட்டியை ஐவியிடம் எடுத்துப் போனேன். தூண்டில் கடைக்கு மாடியில் அவளுடைய அலுவலகம். புகைப்பதை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகியும் நிகோடின் சூயிங்கத்தை விடாதவள். கையில் தூண்டில் முள் குத்தாமல் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வருஷவாரியாக அடுக்கினாள். மெல்லுவது நின்றது.

"ஏன் கஸ், இந்த ஆளு எங்கிட்ட எதத்தான் காட்டாம இருந்திருக்கான்? நாய்க்கு லைசென்ஸ் கட்டின ரசீது வரைக்கும் கொண்டுவந்து காட்டுவான். 'இது வரியில கழியுமா ஐவி, அது கழியுமா ஐவி'ன்னு என் உயிர வாங்குவான். இத மட்டும் தூண்டில் முள்ளுக்கு அடியில வச்சிருக்கான்."

"தப்பு பண்ணியிருக்கானா?"

"பண்ணியிருக்கான். ஒரே ஒரு பக்கம் எழுதல. 8606-னு ஒரு படிவம். 'இந்தப் பணம் நான் வரி கட்டின பணம், இதுக்கு நான் சலுகை வாங்கல, இத ராத்துக்கு மாத்துனேன், அதனால வரி பூஜ்யம்'னு அதுல எழுதணும். எழுதலன்னா கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? பழைய கணக்குலேர்ந்து பதினாலாயிரம் வெளிய வந்துச்சு, அது முழுக்க வரி கட்டாத பணம்னு எடுத்துக்கும். வேற பழைய ஓய்வுக் கணக்கு ஏதாச்சும் வச்சிருந்தானா? அது இருந்தா கணக்கு கலந்துடும்."

"இல்ல. சங்க ஓய்வூதியம் மட்டும்தான்."

"அப்ப சுத்தம். ஒரு பைசா வரி கிடையாது. இந்த மடையன் நாலு வருஷம் தண்டமா கட்டியிருக்கான்." அவள் நாட்காட்டியைப் பார்த்தாள். "முதல் ரெண்டு வருஷம் போச்சு, பணத்தத் திருப்பிக் கேக்குற காலம் முடிஞ்சுடுச்சு. மூணாவது வருஷத்துப் பணத்த ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அக்டோபர் ஒம்பதாம் தேதி கட்டியிருக்கான். வர்ற அக்டோபர் ஒம்பதுக்குள்ள தபால் முத்திரை விழணும். நாலாவதுக்கு அவகாசம் இருக்கு. எட்டு படிவம், ரெண்டு திருத்தத் தாக்கல். நான் இன்னிக்கே எழுதிடுவேன். கையெழுத்து அவன் போடணும்."

அந்த எட்டுப் படிவத்தையும் அன்றே எழுதினாள். கையெழுத்துத்தான் விழவில்லை.

வெர்ன் ஜன்னலோரம் படுத்திருந்தான். மூக்கில் குழாய். நான் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"பின்வாசலால போனேன்" என்றான். "அதுக்குக் கட்டினேன். முடிஞ்சுது."

"அது பேருக்குப் பின்வாசல்டா."

"பேர நீதான வச்ச."

"நான் எங்க வச்சேன்? எவனோ பேங்க்காரன் வச்சான்."

"நீ எழுதினது எனக்கு இன்னும் மனப்பாடம் கஸ். சொல்லவா?"

வேண்டாம் என்றேன். அவன் இருமி முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"ஆர்னே மூணு பிள்ளைக்காகப் போனான்" என்றான். "நான் மார்லிஸுக்காகப் போனேன். அவன் பேர நான் தெருவுல வித்தேன். என் பேர மட்டும் நீங்க எல்லாம் சேந்து வெள்ளையடிக்கப் பாக்குறீங்க."

"பணம் இருந்தா நீ இந்த ஜன்னல்கிட்டயே இருக்கலாம்."

"அத எடுத்தா இன்னொரு லெட்டர் வரும். நான் இருக்கமாட்டேன். கையெழுத்து அவளோடதும் இருக்கு, அவ தலையில விடியும். தொடக் கூடாதுன்னா தொடக் கூடாது. என்னை அங்கயே கொண்டு போட்டுடுங்க."

சங்கத்தில் முப்பது வருஷம் ஆட்களைப் பேசி மசிய வைப்பதுதான் எனக்குத் தொழில். அன்று என் பேச்சு எதுவும் எடுபடவில்லை. நான் கற்றுக்கொடுத்த பாடத்தையே அவன் என்னிடம் ஒப்பித்தான். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி அவனை இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அவனுக்குக் கிடைத்த அறையின் ஜன்னலில் அடுத்த கட்டடத்தின் குளிர்சாதனப் பெட்டிகள் தெரிந்தன.

*

அக்டோபர் ஏழு, செவ்வாய்க்கிழமை, ஐவி என்னை அழைத்தாள். "வண்டிய எடு. நான் அவன்கிட்ட பேசிக்கிறேன்."

மார்லிஸ் படுக்கையருகே உட்கார்ந்து அவனுக்கு ஆப்பிள் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஐவி கோட்டைக் கழற்றவில்லை. ஒரே ஒரு படிவத்தை எடுத்து அவன் மார்பின் மேல் வைத்தாள். கூடவே பூதக்கண்ணாடியையும்.

"யோவ் டோலெஃப்சன். இந்தத் தாள்ல 'பின்வாசல்'னு எங்க எழுதியிருக்குன்னு எனக்குக் காட்டு."

"என்ன விளையாட்டு இது?"

"காட்டுய்யா. ரெண்டு பக்கமும் பாரு. காட்டிட்டீனா நான் வீட்டுக்குப் போறேன், உன்ன இனிமே தொந்தரவு பண்ணமாட்டேன்."

அவன் பார்த்தான். ஒவ்வொரு வரியாக, கிரேன் கூண்டிலிருந்து கீழே பார்ப்பது போல, மெதுவாகப் பார்த்தான். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். நடுவில் செவிலி வந்து ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போனாள். தாளைத் திருப்பினான். மறுபடி முன்பக்கம் வந்தான்.

"இல்ல" என்றான்.

"இருக்காது. அரசாங்கத்துக்கு அந்தச் சொல்லே தெரியாது. இது முன்வாசல்ல கொடுக்குற தாளு. நீ கொடுக்காம விட்டதுதான் தப்பு."

"அப்ப எதுக்கு அந்த லெட்டர்லாம்?"

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "வெர்ன், காலிப் பெட்டிய கப்பல்ல ஏத்துறோம். கிளார்க் என்ன பண்ணுவான்?"

"காலின்னு சீட்டு எழுதுவான்."

"காலிதான, எதுக்கு எழுதணும்? உள்ளதான் ஒண்ணுமில்லயே."

"எழுதலன்னா உள்ள சரக்கு இருக்குன்னுதான்டா கணக்கு. முழுச் சரக்குக்குக் கட்டணம் போட்டுடுவான்." சொல்லிவிட்டு நிறுத்தினான்.

மார்லிஸ் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"காலிப் பெட்டிக்குச் சீட்டு" என்றான் வெர்ன். "நான் எழுதல."

"நீ எழுதல."

"நாலு வருஷம்."

"நாலு வருஷம் காலிப் பெட்டிக்கு முழுக் கட்டணம் கட்டியிருக்க" என்றாள் ஐவி. "உன்ன கிரேன் மேல உக்கார வச்சாங்க பாரு, அவங்களச் சொல்லணும்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலானது, இருமலில் ரத்தம் வந்தது. மார்லிஸ் துடைத்தாள். பிறகு பேனா கேட்டான்.

கையெழுத்து கோணல்மாணலாக விழுந்தது. தாமதத்துக்குக் காரணம் எழுதும் கடிதம் ஒன்று பாக்கி இருந்தது. காரணம் சரியாக இருந்தால் படிவத்துக்கு ஐம்பது டாலர் அபராதத்தை விட்டுவிடுவார்கள். "உடம்பு சரியில்லன்னு எழுதவா?" என்றாள் ஐவி.

"அப்ப உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. பொய் எழுதாத."

"பின்ன என்ன எழுதுறது?"

"அந்தச் சொல்லு பிடிக்கல, அதனால யார்கிட்டயும் சொல்லல. அத எழுது."

"படிச்சிட்டு சிரிப்பாங்கய்யா."

"சிரிக்கட்டும்."

ஐவி அப்படியே எழுதினாள். புதன்கிழமை காலை நான் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்த்து, முத்திரையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். மார்லிஸ் முதலீட்டுக் கம்பெனிக்குத் தொலைபேசியில் சொல்லி இருபதாயிரம் எடுத்தாள். வரி கிடையாது. திங்கட்கிழமையிலிருந்து ராத்திரிக்கு வர ஒரு ஆளைப் பேசினாள். தோங்கா தீவுக்காரர், வாட்டசாட்டமான ஆள், ஒரு கையால் தூக்கிவிடுவார். ஜன்னலோரக் கட்டிலுக்குப் புதுவிரிப்பு போட்டாள். கண்ணாடியைத் துடைத்தாள்.

வெர்ன் சனிக்கிழமை காலை செத்துப்போனான்.

*

இல்லத்துக்கு அருகில் என் வீடு. அதனால் நான் முதலில் போனேன். மார்லிஸ் பாலத்தில் வண்டிகள் நகராமல் மாட்டிக்கொண்டாள். நான் போனபோது அறையில் கட்டில் காலி. சவ வண்டிக்காரர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்களாம். கேட்டேன், எந்தப் பக்கம் என்று. இல்லத்துப் பணிப்பெண் ஒருத்தி தாழ்வாரத்தின் கடைசியைக் காட்டினாள். மற்றவர்கள் காலைச் சாப்பாட்டில் இருக்கிறார்கள், அவர்கள் பார்க்கக் கூடாது என்பதற்காக எப்போதும் அந்தப் பக்கம்தான் என்றாள். அவள் மேல் குறை சொல்ல எதுவுமில்லை.

நான் ஓடினேன். எழுபத்திநாலு வயதில் ஓடுவது என்றால் என்னவோ அது. சமையலறையைத் தாண்டி, துணி வெளுக்கும் அறையைத் தாண்டி, ஒரு இரும்புக் கதவு. வெளியே மழை. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் சேற்றில் வண்டியின் சக்கரத் தடம் மட்டும் இருந்தது.

முன்பக்கம் வந்து நின்றபோது மார்லிஸ் வந்துசேர்ந்தாள்.

"எந்த வழியா கொண்டுபோனாங்க?" என்றாள். முதல் கேள்வியே அதுதான்.

"முன்வாசலால" என்றேன்.

அவள் தலையாட்டினாள். உள்ளே போய் அவனுடைய கண்ணாடியையும் சவர சாமானையும் ஒரு பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டாள்.

பிப்ரவரியில் இரண்டு காசோலைகள் வந்தன, வட்டியோடு சேர்த்து ஏழாயிரத்து சொச்சம். இரண்டிலும் இரண்டு பெயர், வெர்ன் பெயர் முதலில். வங்கியில் வாங்கவில்லை. அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார்களாம். திருப்பி அனுப்பி, இறப்புச் சான்றிதழ் வைத்து, மறுபடி எழுதி வாங்க மே மாதம் ஆனது. முதல் இரண்டு வருஷத்துப் பணம் போனது போனதுதான். ஐம்பது டாலர் அபராதத்தைக் கேட்கவேயில்லை. அந்தக் காரணத்தைப் படித்தவர் சிரித்தாரா என்று தெரியாது.

அதற்கு நடுவே, ஏப்ரல் முதல் வாரம் மார்லிஸின் தாக்கலுக்காக ஐவியின் மாடிக்குப் போனோம். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து போடும் கடைசித் தாக்கல். படியேறும்போது அவளிடம் சொன்னேன், இல்லத்தில் அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று.

"தெரியும்" என்றாள். கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள். "உன் பூட்ஸ்ல முட்டி வரைக்கும் சேறு. முன்னாடி எல்லாம் சிமெண்டுதான."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டு என்ன பண்ண? நீ ஓடுனியேன்னு இருந்துச்சு."

ஐவி எண்களைத் தட்டினாள். அவனுடைய ஓய்வூதியம், அவளுடைய ஓய்வூதியம், மருத்துவச் செலவு. ராத் கணக்கிலிருந்து மார்லிஸ் எடுத்ததைத் தனி வரியில் போட்டு, எதிரே வரி பூஜ்யம் என்று காட்டினாள். எல்லாம் முடிந்ததும் தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"அந்தப் படிவம்?" என்றாள் மார்லிஸ்.

"எந்தப் படிவம்?"

"8606. அவனுக்கு."

"தேவையில்லம்மா. இந்த வருஷம் அவன் ஒண்ணும் போடல, ஒண்ணும் மாத்தல. அந்தப் பழைய கணக்குல ஒண்ணுமே இல்ல."

"அதான் சொல்றேன். எழுது."

"மார்லிஸ், காலியா இருந்தா வைக்க வேண்டியதில்ல. யாரும் கேக்கமாட்டாங்க."

"கேக்காமத்தான் நாலு வருஷம் போச்சு." அவள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டு உட்கார்ந்தாள். "அவன் பேர எழுது. நம்பர எழுது. கீழ எல்லாத்துலயும் பூஜ்யம் போடு. காலின்னு ஒரு சீட்டு இருக்கட்டும்."

ஐவி என்னைப் பார்த்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து, மேல் வரியில் அவன் பெயரை எழுதினாள்.